வலது பக்கக் கைப்பிடி

வோபர்ன், ஸ்கார்பரோ
மார்ச் 8, ஞாயிறு

அன்பு மகன் யூட்சனுக்கு,

மாதாவின் துணையால் நாங்கள் இங்கே இருக்கிறோம், நீயும் மருமகள் றெபேக்காவும் பேர்த்தில் ஒரு குறையுமில்லாமல் இருக்கவேண்டும் என்று மன்றாடி அம்மா எழுதுகிறேன். சுகமாக இருக்கிறோம் என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன், கை வரவில்லை, அதனால் இருக்கிறோம் என்று மட்டும் எழுதியிருக்கிறேன். அப்பாவின் தோள் எலும்பு பொருந்தி வருகிறதாம், விலா எலும்பு மூன்றும் தானாகவே ஒட்டுமாம், இருமும்போது தலையணையை நெஞ்சோடு அணைத்துப் பிடிக்கவேண்டும் என்று டொக்டர் சொன்னார். அவர் இருமினால் நான் அடுப்பை விட்டுவிட்டு ஓடுகிறேன். தெருவில் யாராவது பனி தள்ளுகிற மெஷினை ஸ்டார்ட் பண்ணினாலும் கண்ணை மூடிக்கொள்கிறேன். மூன்று கிழமையாக இந்தப் பயத்தோடுதான் படுக்கிறேன், இதோடுதான் எழும்புகிறேன்.

நீ போனை எடுப்பதில்லை. வட்ஸ்அப்பில் போட்டதையும் பார்க்கவில்லை. போன செவ்வாய்க்கிழமை றெபேக்கா எடுத்து, மாமி, இவர் வேலையால வந்து காருக்குள்ளயே இருக்கிறார், நான் போய்க் கூப்பிட்டாத்தான் இறங்கிறார், சாப்பாட்டில கையை வைச்சிட்டு எழும்பிடுறார் என்று அழுதாள். அப்பாவை நான்தான் கொல்லப் பாத்தனான் என்று உன் வாயால் சொன்னாயாம். அதைக் கேட்டதிலிருந்து அப்பாவைப் பற்றிய பயத்தை விட உன்னைப் பற்றிய பயம் பெரிதாகிவிட்டது. கடல் கடந்து, பகல் இரவு கூட எங்களுக்கு மாறாக இருக்கிற ஊரில் நீ என்ன நினைத்துக்கொண்டு அந்தக் காருக்குள் இருக்கிறாயோ என்றே யோசித்துக்கொண்டிருக்கிறேன். நேற்று உன் சித்தப்பாவின் மகன் வினோதன் வந்து, அண்ணை தன்ர ஆறு ஸ்னோமொபைலையும் விக்கச் சொல்லிப்போட்டார் பெரியம்மா, பிறம்ரனில ஒருத்தர் எல்லாத்தையும் எடுக்கிறாராம், வாற சனிக்கிழமை ட்ரெயிலரோட வருவார் என்றான். அப்போதுதான் இனியும் வாய் மூடிக்கொண்டிருந்தால் நான் ஒரு தாய் இல்லை என்று தோன்றியது. போனில் சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன், சொல்லவேண்டியது முழுதாக வராது. அதனால் எழுதி, படம் எடுத்து றெபேக்காவுக்கு அனுப்புகிறேன். அவள் உன் கையில் தருவாள். கடைசிவரை வாசி.

பனியில் ஓடுகிற அந்த மெஷின்களை நான் ஒருநாளும் விரும்பவில்லை, அது உனக்குத் தெரியும். பதினேழு வயதில் ஒரிலியாப் பக்கம் யாரோ ஒரு கிழவரின் மாட்டுக்கொட்டிலில் கிடந்த மஞ்சள் ஸ்னோமொபைலை நீ இழுத்துக்கொண்டு வந்தபோது சீட்டுக்குள் எலி குட்டி போட்டிருந்தது. மனிசர் இருக்கிற வீட்டுக்குள் இதை ஏன் கொண்டுவாறாய் என்று கத்தினேன். பிறகு ஒன்று ஆறாகிவிட்டது. உன்னை விட வயது கூடினவை மூன்று, கைப்பிடி சுடுகிற, பின்னுக்கும் ஓடுகிற புதியவை மூன்று. உன் மெஷின்கள் கராச்சுக்குள் சுகமாக நிற்க, என் கார் பத்து வருடமாக வெளியே பனிக்குள் நிற்கிறது. ஆனாலும் ஒன்றைச் சொல்லவேண்டும், நீ அந்த மஞ்சளைக் கழற்றித் துடைத்து, இல்லாத பாகத்துக்கு கியூபெக் வரை தேடித் திரிந்து, அது முதல் முதல் புகை கக்கி ஓடின நாளில் உன் முகத்தை நான் பார்த்தேன். அப்படி ஒரு சந்தோசத்தை உன் கலியாண நாளில் கூட நான் காணவில்லை, இதை மட்டும் றெபேக்காவுக்குச் சொல்லிவிடாதே, ஐயோ, அவள்தான் முதலில் வாசிக்கப்போகிறாள்.

இரண்டு வருட வேலை என்று நீ அங்கே போகும்போது, இரண்டு கிழமைக்கு ஒருக்கால் ஆறையும் ஸ்டார்ட் பண்ணவேண்டும், விட்டால் பெற்றோல் தடித்துப்போகும் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனாய். அவர் அதைப் பூசைக்குப் போவது மாதிரிப் பிடித்துக்கொண்டார். கராச் சுவரில் திகதி போட்டு ஒட்டினார். தை மாதத்தில் பார்த்தால் ஸ்டார்ட் பண்ணினால் மட்டும் காணாதாம், ஓடவும் வேண்டுமாம். லின்ட்சேக்குப் பக்கத்தில் காணி வைத்திருக்கிற ஜெயரட்ணம் அண்ணையைப் பிடித்தார். ஞாயிறு பூசை முடிய ட்ரெயிலரில் இரண்டை ஏற்றிக்கொண்டு போவோம். அறுபத்திமூன்று வயது மனிசன் ஹெல்மெற்றும் போட்டுக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி வயலைச் சுற்றுவார், நான் காருக்குள் இருந்து கண்ணை மூடிக்கொண்டு அருள்நிறைந்த மரியே சொல்லுவேன். புதியவற்றில் ஓடும்போது எனக்குப் பயம் குறைவு, ஆள் விழுந்தால் எஞ்சினை நிறுத்துகிற வயர் ஒன்று உடுப்பில் கொளுவியிருக்கும். மஞ்சளில் அது இல்லை என்று ஜெயரட்ணம் அண்ணை பேச்சுவாக்கில் சொன்னார். அந்தக் கிழமை முழுக்க எனக்கு நித்திரையில்லை.

இனி எழுதுவதை நீ எப்படி வாசிப்பாய் என்று தெரியவில்லை. விபத்து நடந்த அன்று காலை, அப்பாவும் ஜெயரட்ணம் அண்ணையும் தேத்தண்ணி குடிக்க உள்ளே போன நேரம், நான் மடு மாதா கோயிலிலிருந்து கொண்டுவந்த மரமணிச் செபமாலையை மஞ்சளின் கைப்பிடியில் கட்டினேன். அவருக்குச் சொன்னால் விசர் வேலை என்று ஏசுவார், அதனால் சொல்லவில்லை. பிறேக் இடது பக்கம் என்று நீ ஒருமுறை எனக்குக் காட்டித் தந்திருந்தாய். பிறேக்கை மறைத்துவிடக் கூடாது என்று நன்றாக யோசித்துத்தான் வலது பக்கத்தில் மூன்று சுற்றுச் சுற்றிக் கட்டினேன். வலது பக்கத்தில் பெருவிரலால் அமத்துகிற அந்தப் பிடிதான் வேகத்தைக் கூட்டுகிறது என்று எனக்கு அப்போது தெரியாது. அவர் ஏறி அமத்தினார். மாலை நழுவி அந்தப் பிடிக்கு மேலால் விழுந்து இறுகிவிட்டது. விரலை எடுத்தும் வேகம் குறையவில்லை. பிறேக்கைப் பிடித்தார், அது இழுபட்டுக்கொண்டே சரிவில் இறங்கி வேலிக் கட்டையில் அடித்து அவரைத் தூக்கிச் சீடார் மரத்தில் எறிந்தது. நான் காருக்குள் கண்ணை மூடிக்கொண்டு இருந்தேன் மகன், சத்தம் கேட்டுத்தான் திறந்தேன்.

ஜெயரட்ணம் அண்ணை அம்புலன்ஸுக்கு அடித்துவிட்டு அவர்களுக்கு வழி காட்டப் படலைக்கு ஓடினார். அப்பா பனியில் கிடந்தார், மூச்சு விட்டார், கண் திறந்திருந்தது. நான் அவர் பக்கத்தில் இருந்திருக்கவேண்டும். எழும்பிப்போய், கவிழ்ந்து கிடந்த மெஷினில் மாலை பிடியோடு இறுகியிருப்பதைக் கண்டு, இழுத்து அறுத்தேன். மணிகள் பனிக்குள் சிந்திப் போயின, மிச்சத்தையும் சிலுவையையும் கோட் பொக்கற்றுக்குள் வைத்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று என்னைக் கேட்காதே. பயம். இவரை நான்தான் கொன்றுபோட்டேன் என்ற பயம், அதை யாரும் காணக் கூடாது என்ற பயம். பிறகு உனக்குப் போன் எடுத்தபோது, வேகம் குறையவில்லையாம் என்ற ஒரு சொல்லைக் கேட்டதும் நீ, ஐயோ அம்மா, பிளேன் ஏற முதல் நாள் அந்த வேகக் கேபிளை அவசரத்தில பூட்டினனான், என்ர பிழைதான் என்று கத்தினாய். நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன். ஒரு சொல் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. மெக்கானிக் பார்த்து, கேபிளில் ஒரு பிழையும் இல்லை, நல்ல சுத்தமான வேலை என்று சொன்னதையும் நீ நம்பவில்லை. உன் வேலையில் பிழை இல்லை மகன். பிழை என் கையில்.

இன்று காலை அப்பாவுக்குச் சொன்னேன். ஏசுவார், கையில் கிடைத்ததை எறிவார் என்று பயந்துகொண்டுதான் கட்டிலில் இருந்தேன். அவர் என்னைப் பார்க்காமல், எனக்குத் தெரியும் அருள்மலர், ஏறேக்கையே மாலையைக் கண்டனான், அவிட்டா உனக்கு மனம் நோகும் எண்டு அப்பிடியே ஓடினனான் என்றார். விழுந்து கிடக்கும்போது நான் மாலையை அறுத்ததையும் பார்த்துக்கொண்டுதான் கிடந்தாராம். சொன்னா நீ தாங்கமாட்டாய் எண்டு விட்டிட்டன் என்றார். அப்ப பிள்ளை தாங்குவானோ என்று கேட்டேன். அவன் இளந்தாரி, ரெண்டு நாளில மறந்திடுவான் எண்டு நினைச்சன் என்றவர், சுவர்ப் பக்கம் திரும்பி அழுதார். விலா எலும்பு நோக நோக அழுதார். என்னை அவர் காப்பாற்ற, என்னை நானே காப்பாற்ற, நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து உன்னை அந்தக் காருக்குள் தனிய இருத்திவிட்டோம். இதற்கு உன்னிடம் எப்படி மன்னிப்புக் கேட்பதென்று எனக்குத் தெரியவில்லை. அடுத்த கிழமை பாவசங்கீர்த்தனம் செய்யப் போகிறேன், ஆனால் சுவாமியார் மன்னித்தாலும் நீ மன்னிக்கவேண்டும்.

சனிக்கிழமை வரவேண்டாம் என்று அந்த ஆளுக்குச் சொல்லும்படி வினோதனிடம் சொல்லிவிட்டேன். விற்பதென்றால் நீ வந்து, உன் விருப்பத்தோடு விற்கவேண்டும். செய்யாத குற்றத்துக்காக ஒன்றையும் விற்காதே. அப்பாவின் தோள் சுகமாகும்வரை ஆறையும் வினோதன் ஸ்டார்ட் பண்ணுவான், வயலுக்கு இனி யாரும் போவதில்லை. நேரத்துக்குச் சாப்பிடு, றெபேக்கா வந்து கூப்பிடமுதல் காரை விட்டு இறங்கிப் போ, அந்தப் பிள்ளையும் பயந்துபோய் இருக்கிறாள். மாதா உன்னையும் அவளையும் தன் மேலாடைக்குள் வைத்துக் காக்கட்டும், எங்கள் இரண்டு பேரின் ஆசீரும் என்றும் உங்களோடு.

உனக்கு அங்கே காலை ஏழு மணியாகும்போது எடுப்பேன். ஒன்றும் பேசவேண்டாம். கோபமென்றால் ஏசு, அதுவும் வராவிட்டால் காதில் வைத்துக்கொண்டு மூச்சு மட்டும் விடு, எனக்கு அது கேட்டால் போதும்.

இப்படிக்கு,
உன் அம்மா
அன்புராசா அருள்மலர்