துரை வேஷத்துக்கு வந்த கேஸ்

ஆவணி 4, வெள்ளி

விடியற்காலையிலிருந்து தூறல். விறகெல்லாம் ஈரம். பள்ளிக்கூட வேலைக்குக் கிளம்புமுன் அரிசி மாவு சலிக்க வேண்டும். வீட்டுக்காரர் சட்டைக்குப் பித்தான் தைக்க வேண்டும்.

மாவு தின்பதற்கு அல்ல, அவர் முகத்துக்கு. நாடகக் கம்பெனியில் பபூன் அவர். யுத்தம் வந்ததிலிருந்து பவுடர் கிடைப்பதில்லை. பூந்தமல்லிக் கொட்டகையில் இந்த வாரம் துரை வேஷம். கூடையைத் தொப்பியாகக் கவிழ்த்துக்கொண்டு பருத்திப்பட்டு ஏரியை அளக்க வரும் துரை. "இந்த ஏரி நம்பள்து. இந்தத் தவளை நம்பள்து. நம்பள் கேக்காமே கத்தக் கூடாது!" பட்டாள முகாமுக்கு நிலத்தைப் பறிகொடுத்தவர்கள் முன்வரிசையில். கண்ணில் நீர் வரச் சிரித்தார்களாம்.

காதுமடலில் மாவு காய்ந்து ஒட்டியிருந்தது. தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்துவிட்டேன். "மெதுவா, தனம். காது ஒண்ணுதான் நமக்கு சொத்து" என்றார்.

ஆவணி 6, ஞாயிறு

போலீஸ். இன்ஸ்பெக்டரும் இரண்டு கான்ஸ்டபிள்களும். அவர் களி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னா சார், நான் இன்னா பண்ணேன்?"

"வெள்ளைக்கார ஜனங்க மேல துவேஷம் மூட்றியாம். நூத்து ஐம்பத்து மூணு ஏ."

"சிரிக்கத்தானே வச்சேன்?"

"அதை கோர்ட்ல சொல்லு."

ஒரு வாய் தின்றுவிட்டு வருகிறேன் என்று கேட்டார். விட்டார்கள். அவர் ஒரு வாய் சாப்பிட்டு, மீதியை என் பக்கம் தள்ளினார். அப்புறம் போனார். களி அப்படியே இருக்கிறது.

ஆவணி 9, புதன்

வெயில். தலைமையாசிரியை கூப்பிட்டு, பள்ளிக்கூடத்தில் இதைப் பற்றி மூச்சு விடக் கூடாது என்றார். குரலில் கோபமில்லை. பயம்.

சாயங்காலம் அண்ணன் வந்தது. முகாமில் அதிகாரிகள் சாப்பாட்டுக்கூடத்தில் சமையல். வந்ததும் உட்காரவில்லை.

"போன மாசம் அங்க ஒரு கூத்து நடந்துச்சு, தனம். உங்கிட்ட சொல்லல. சோல்ஜருங்க மூஞ்சில கரி பூசிகினு நம்ம ஜனம் மாதிரி ஆடினானுங்க. குனிஞ்சி குனிஞ்சி குரங்கு மாதிரி. வாழப்பழம் தூக்கிப் போட்டா கவ்விகினு, கறுப்பு நாய்ங்கன்னு பாட்டு வேற. பெரிய துரை முதக்கொண்டு கைதட்றான். நாங்க தட்டு ஏந்திகினு பின்னால நிக்கிறோம்."

"நீ இன்னா பண்ணே?"

"சூப்பு ஊத்தினேன்."

அப்போதுதான் உட்கார்ந்து: "அதுல ஒருத்தன் கட்டிகினு ஆடினது என் வேட்டி. இரவலா குடுன்னான். குடுத்தேன்."

அதன் கையைப் பிடித்துக்கொண்டேன். சின்ன வயதுக்குப் பிறகு இன்றுதான்.

ஆவணி 10, வியாழன்

அரை நாள் லீவு. வக்கீல் வீடு. நல்ல மனிதர், நிறைய இருமல். முகாம் கூத்தைச் சொன்னேன். அதுவும் இதே குற்றம்தானே, அவர்கள் மேலும் கேஸ் போடலாமே என்றேன்.

"போடலாம்மா. ஆனா இந்தப் பிரிவுல சர்க்கார் அனுமதி இல்லாம கோர்ட் மனுவையே எடுக்காது."

"எங்க வீட்டுக்காரர் கேஸுக்கு?"

"அனுமதி வந்தாச்சு. தந்தியிலே."

"அப்போ எங்களுக்கு?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சட்டத்துல வெள்ளை கறுப்புன்னு ஒரு எழுத்து கிடையாது. யார் யாருக்கு எதிரா பேசினாலும் ஒரே தண்டனை. அனுமதி குடுக்கிற நாற்காலியில யார் உக்காந்திருக்காங்கறதுதான்."

மனு எழுதித் தருகிறார். பார்த்த சாட்சி கையெழுத்து வேண்டுமாம். அண்ணனுக்கு மூன்று பெண்கள். நான் கேட்கப் போவதில்லை.

ஆவணி 14, திங்கள்

கேட்கவில்லை. அண்ணனே வந்தது, தலைக்கு எண்ணெய் வைத்து வாரிக்கொண்டு, கல்யாணத்துக்குப் போவது போல. வக்கீல் வீட்டில் கையெழுத்துப் போட்டது. கூட வந்த அண்ணி வாசலில் நின்று என்னைப் பார்த்த பார்வை. அவளைக் குறை சொல்ல முடியாது.

சீயக்காய் தீர்ந்துவிட்டது.

ஆவணி 23, புதன்

கோர்ட். புழுக்கம். அவர் இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் காதைத் தொட்டுக் காட்டினார், சுத்தமாக இருக்கிறதாம்.

கொட்டகையில் உட்கார்ந்து குறிப்பெடுத்த போலீஸ்காரர் நாடகத்தைப் படித்தார். இழவுச் சேதி வாசிப்பது மாதிரி. "தவளையே, லைசென்ஸ் எங்கே, என்று துரை கேட்கிறார்." பின்பெஞ்சில் ஒருவர் சிரித்தார். பிறகு டவாலி போட்ட சேவகன். பிறகு எல்லாரும். மாஜிஸ்திரேட், நம் தமிழர்தான், கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு வெகுநேரம் இருமினார்.

வக்கீல் எழுந்து முகாம் கூத்தைச் சொன்னார். சர்க்கார் வக்கீல்: "அது படைவீரர்கள் களைப்பாற நடத்திய கேளிக்கை. யாருடைய மனமும் புண்படவில்லை." அண்ணன் கடைசியில் நின்றிருந்தது. யாரும் அதன் பக்கம் திரும்பவில்லை. எங்கள் மனுவுக்குச் சர்க்கார் அனுமதி மறுப்பு. ஒரே வரி.

அவருக்கு ஒரு மாதம் வெறுங்காவல் சிறை. தீர்ப்பைச் சொல்லும்போது மாஜிஸ்திரேட் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆவணி 25, வெள்ளி

அண்ணனுக்கு வேலை போய்விட்டது. காரணம் சொல்லவில்லை, முகாமுக்குள் விடவில்லை, அவ்வளவுதான். நம் வீட்டுக்கு வந்து, கேட்காமலே வெங்காயம் உரித்து, ரசம் வைத்தது. சும்மா இருக்கத் தெரியாது அதற்கு.

"இன்னாண்ணா, என்னாலதானே."

"போம்மே. அந்தக் கையெழுத்துப் போட்ட அன்னிக்குதான் நல்லா தூங்கினேன்."

புரட்டாசி 10, ஞாயிறு

ஜெயிலுக்குக் கொண்டுபோக: எலுமிச்சை ஊறுகாய், துண்டு, சீப்பு, அவர் கேட்ட பொரிவிளங்காய் உருண்டை. உருண்டையை உடைத்துப் பார்த்துவிட்டு உள்ளே விட்டார்கள்.

சிரிக்க வைப்பார் என்று நினைத்துப் போனேன். பக்கத்தில் படுக்கிற ஆளைப் பற்றிச் சொன்னார். குறவர். சந்தேகக் கேஸில் பிடித்துப் போட்டிருக்கிறார்கள்.

"என்னைப் பார்த்ததும் கண்டுகினான், தனம். 'நீதானே கோழி திருடுற குறவன் வேஷம் கட்டினவன்'னான். ஆமான்னு பெருமையா சொன்னேன். அவன் சிரிக்கல."

"ஏனாம்?"

"பாரிவாக்கத்துல நம்ம நாடகம் போட்டோமே, மறுநாள் அவன் கூட்டத்தைக் கிணத்தாண்ட சேக்கலயாம். கோழித் திருடன், கோழித் திருடன்னு பசங்க கல்லால அடிச்சிருக்கானுங்க. அவன் பொண்டாட்டி குழந்தையத் தூக்கிகினு ஓடிச்சாம்."

கம்பியைச் சுரண்டிக்கொண்டே இருந்தார்.

"வெள்ளக்காரனுக்கு மனசு நோவுதுன்னு என்னை உள்ள வச்சானுங்க. இவன் எந்தக் கோர்ட்டுக்குப் போவான்? இவனுக்கு எவன் அனுமதி குடுப்பான்? போனா, கேஸ் என் பேர்லதானே வரணும்."

கம்பி வழியாக விரல் நீட்டினேன். பிடித்துக்கொண்டார். வார்டர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

கொண்டுபோன உருண்டையில் பாதி அந்த ஆளுக்காம்.

புரட்டாசி 22, வெள்ளி

வந்துவிட்டார்! மழையில் நனைந்துகொண்டே. வெந்நீர், எண்ணெய், தூக்கம். பள்ளிக்கூடத்துக்குத் தலைவலி என்று சொல்லி அனுப்பினேன். தலைவலி இல்லை.

புரட்டாசி 23, சனி

கம்பெனி முதலாளி வந்தார், மாலையோடு. பூந்தமல்லி முழுக்க இவர் பேச்சுதானாம். உடனே வேஷம் கட்ட வேண்டும்.

"துரை வேணாம்பா, கேஸ் வரும். குறவன் கட்டு. அதுக்கு எவன் கேஸ் போடப் போறான்?"

"அதான் மொதலாளி வேணாங்கறேன்."

"இன்னா?"

"கேஸ் போட முடியாதவனைப் பத்தி நான் ஆட மாட்டேன்."

முதலாளி என்னைப் பார்த்தார், பெண்பிள்ளை புத்தி சொல்லுவாள் என்று. நான் காப்பி ஆறிப்போகிறது என்றேன். மாலையைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இனி வேறு கம்பெனி பார்க்க வேண்டும். அதுவரை அண்ணன் சந்தைப் பக்கம் இட்லிக் கடை போடுகிறது. இவர் மாவாட்டுகிறேன் என்கிறார். கல்லை நான் ஆட்டுறேன் என்கிறது அண்ணன், நீ வாய் மட்டும் ஆட்டு.

புரட்டாசி 24, ஞாயிறு

மழை விட்டு நல்ல வெளிச்சம். மத்தியானம் மூவரும் சாப்பிட்டபின் அவர் எழுந்தார்.

"புதுசா ஒரு வேஷம் கீது. உன்னைப் பத்தித்தான். மொதல்ல நீ பாரு. நீ சிரிச்சாதான் மேடைக்குப் போவும்."

என் பழைய புடவையைத் தோளில் போட்டுக்கொண்டார். மணி அடிப்பதற்குள் ஓடும் என் நடை. ஓடும்போதே கொண்டையைத் தொட்டுப் பார்ப்பது. பிள்ளைகளை அதட்டிவிட்டு, திரும்பிக்கொண்டு சிரிப்பது. அடுப்பை ஊதும்போது ஒரு கண்ணை மட்டும் மூடுவது. நான் அப்படியா மூடுகிறேன்? தெரியாது எனக்கு.

அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தது. நானும்தான். பிறகு கண்ணைத் துடைக்க முந்தானையை எடுக்க வேண்டியதாயிற்று.

"இன்னா தனம், நோவுதா? வுட்ரட்டா?"

இல்லை என்று தலையாட்டினேன். இத்தனை நாளும் என்னை இவ்வளவு பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

மேடைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இது எனக்கு மட்டும். இன்னொரு தரம் செய்யச் சொன்னேன்.