சம்கெய் இல்லாத சூப்பு

அக்டோபர் 14
காற்று குளிருக்குத் திரும்பிவிட்டது. இனிப் பாம்பு சூப்புக்குக் கூட்டம் சேரும். சமையல்காரர் ச்சுன் மட்டும் அண்டா பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து விட்டத்தைப் பார்க்கிறார். டிமிக்கி கொடுப்பவனை ஹாங்காங்கில் எந்த முதலாளியும் "பாம்பு ராஜா" என்று திட்டலாம். நானும் திட்டினேன். கரண்டியால் வாசல் போர்டைக் காட்டினார்.
"பாம்பு ராஜா ஃபூங் சூப்புக் கடை. அது நீங்கதானே முதலாளியம்மா?"

அக்டோபர் 17
வேறு சொல் எடுத்தேன். "சோம்பல் முத்திச் சாறு வடியுதுய்யா உமக்கு!"
"அந்தச் சாறையும் கிராம் பார்த்துதான் ஊத்தணுமா?"
திமிர்!

அக்டோபர் 18
சோம்பல் எலும்பு, மல்லாந்து கிடக்கிறவன் — கையிருப்புச் சொல் எல்லாம் தீர்ந்தது. மனிதர் அசையவில்லை.

அக்டோபர் 22
டிராம் ஓட்டி ஓய்வுபெற்ற மோக், இருபது வருட வாடிக்கை, பாதிக் கிண்ணத்தோடு எழுந்துவிட்டார்.
"உப்பு சரி, இஞ்சி சரி. சம்கெய் இல்லம்மா."
சமைத்தவர் மனசு சூப்பில் இல்லையாம். நேரே எதிர்க்கடைக்குள் நுழைந்தார். பார்த்துக்கொண்டே நின்றேன்.

அக்டோபர் 23
எதிர்க்கடைக்காரன் ச்சுன்னையும் கூப்பிட்டிருக்கிறான்! சீசன் நேரத்தில் இவர் போனால் கடையை மூட வேண்டியதுதான். எனக்குப் பாம்பு பேரம் பேசத் தெரியும். சூப்பு வைக்கத் தெரியாது.
"சோம்பேறிக்கு அங்க என்ன வேலை?" என்றேன்.
"சோம்பேறி இல்லம்மா. மோ சம்கெய். மனசு எழும்பல. நீங்க சுவத்துல அளவுச் சீட்டு ஒட்டின நாள்லேர்ந்துதான். உப்பு இத்தன கிராம், கொதி இத்தன நிமிஷம், ருசி பார்க்க வேணாம்னு எழுதியாச்சு. அப்புறம் நான் எதுக்கு?"
யார் வந்தாலும் சமைக்கலாம், ஒரே ஆளை நம்பி இருக்க வேண்டாம் என்றுதான் ஒட்டினேன். கெட்டிக்காரத்தனம் என்று வேறு நினைத்தேன். அந்த ஆளிடமே வாசிக்கக் கொடுத்திருக்கிறேன்! அவர் சும்மா உட்காரும்படி எழுதியது நான். சோம்பேறி என்று திட்டியதும் நானேதானா?

அக்டோபர் 24
சீட்டைக் கிழித்தேன். தராசு பரணுக்குப் போயிற்று. மன்னிப்பு வாயில் வரவில்லை. "இனி உம்ம நாக்குதான் அளவு. இருப்பீரா?" என்று மட்டும் கேட்டேன்.
"பார்ப்போம்" என்றார்.

நவம்பர் 2
மதியம் அண்டா மூடியில் கை வைத்தேன்.
"தொறக்காதீங்க! இன்னும் அரை மணி ஆகும். வெளிய போங்கம்மா!"
போனேன். வாசலில் மோக்கும் இன்னும் பதினோரு பேரும். அந்த அரை மணியை அவர்களிடமும் சொன்னேன், கொஞ்சம் மரியாதையாக.