நன்றி சொல்லி முடித்த நோய்

பல்லேபொல
14.10.2007

அன்புள்ள மகன் கிறிஸ்தோபருக்கு,

இது இத்தாலியில் உங்கள் கைக்கு வந்து சேரும்போது தடிமன் காய்ச்சல் ஒன்றுமில்லாமல், வேலையும் சாப்பாடும் ஒழுங்காக இருக்க வேண்டும் என்று மாதாவை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். எழுதுவதற்கே முதலில் மன்னிக்க வேண்டும். நான் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து உங்கள் அப்பாதான் தன் கடிதத்தின் அடியில் சித்தியும் சுகம் விசாரித்தாள் என்று எனக்காகவும் ஒரு வரி எழுதுவார், அந்த வரிக்குள் ஒளிந்துகொள்வது எனக்கு வசதியாக இருந்தது. உங்களுக்கும் எனக்கும் ஒன்பது வயதுதான் வித்தியாசம், மகன் என்று எழுதக் கை கூசுகிறது. தம்பி என்று எழுதிப் பார்த்துவிட்டு அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன்.

இங்கே மழை விட்டபாடில்லை. மிளகுக் கொடி ஏறிய பெரிய முள்முருங்கை சரிந்து கோழிக்கூட்டின் மேல் விழுந்தது, கோழிகள் தப்பின. பள்ளிக்கூடத்தில் சாதாரணதரப் பிள்ளைகளுக்கு டிசம்பரில் பரீட்சை, அதனால் சனிக்கிழமையும் வகுப்பு. மாத்தளைக்குப் போகும் வழியில் மறுபடியும் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கி அடையாள அட்டை பார்க்கிறார்கள், நம் பெயர்களைக் கண்டால் கொஞ்சம் கூடுதலாக நிற்க வேண்டியிருக்கிறது. பக்கத்து வீட்டு அந்தோனியம்மா அக்கா உங்களுக்குப் பெண் பார்த்துக்கொண்டே இருக்கிறார். "இத்தாலிக்காரி யாரையாச்சும் புடிச்சிட்டு வந்துறப் போறான் டீச்சர், முந்திக்கிறணும்" என்கிறார். இதெல்லாம் எழுதிக்கொண்டே போகலாம், ஆனால் நான் எழுத உட்கார்ந்தது இதற்கு இல்லை.

அப்பாவுக்குக் கழுத்தில் இடது பக்கம் கட்டி வந்திருக்கிறது. எலுமிச்சங்காய் அளவு, வலி இல்லை, அழுத்தினால் அசையவில்லை. கொழும்பில் அதிலிருந்து துண்டெடுத்துச் சோதித்தார்கள். புற்றுநோய் என்று வந்தது. பழைய புற்றுநோய் திரும்பிவிட்டது என்று நீங்கள் நினைப்பீர்கள். மகன், பழையது புற்றுநோயே இல்லை. அதைத்தான் எப்படி எழுதுவது என்று தெரியாமல் மிளகையும் கோழியையும் எழுதினேன்.

இரண்டு வருஷத்துக்கு முன் அவர் இளைத்து, இருமி, வாயெல்லாம் வெள்ளையாகப் புண் வந்து கிடந்தாரே, அப்போது இரத்தத்தில் கண்டுபிடித்தது எச்.ஐ.வி. எயிட்ஸ் கிருமி. நீங்கள் உடனே நினைக்கக்கூடியதற்கு முதலில் பதில் எழுதுகிறேன். உங்கள் அம்மா மார்கிரட் இறந்தது இருதய நோயினால்தான். இந்தக் கிருமி அவர் போன பிறகு, அப்பா தனியாக லொறி ஓட்டிக்கொண்டிருந்த வருஷங்களில் வந்திருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். எனக்கு இரண்டு தடவை பார்த்தார்கள், இல்லை. யாரிடமிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. ஒரு நாள் கேட்க வாயெடுத்தேன், அவர் எழுந்து கோழிக்குத் தீனி போடப் போய்விட்டார், விட்டுவிட்டேன்.

அந்த நாட்களில் மாதம் தவறாமல் கொழும்புக்குப் போய் வருவதைப் பார்த்து அந்தோனியம்மா அக்காதான் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "அண்ணே, கான்சராண்ணே?" என்று அழுதுகொண்டு கேட்டார். அப்பா ஆம் என்று தலையை ஆட்டினார். அவ்வளவுதான். அடுத்த செவ்வாய்க்கிழமையே அந்தோனியார் சிற்றாலயத்தில் அவருக்காக நவநாள் செபம் தொடங்கிவிட்டது. பாதையில் மறித்த ஆமிக்காரரிடமும் பிலிக்கா ஆஸ்பத்திரிக்கு, புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று அப்பா சிங்களத்தில் சொல்வார், அவர்கள் முகம் இளகி, வயதானவரை ஏறச் சொல்லு என்பார்கள். அந்தச் சொல் எங்களுக்கு வழி விட்டது. மாத்திரையும் நன்றாக வேலை செய்தது. கன்னம் சதை வைத்து, குரல் திரும்பி, தானே மிளகு பறிக்க ஏணி ஏறினார். போன ஜூன் திருநாளில், அந்தோனியார் கான்சரைக் குணமாக்கினார் என்று சொல்லிச் சுவாமியார் அவரைப் பீடத்துக்கு முன்னால் அழைத்து நிறுத்தினார், ஊரே கை தட்டியது. அப்பா பாண் ரொட்டிக் கூடையைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருவர் கையிலும் நன்றிக்காகப் பங்கிடும் அந்தோனியார் பாண் கொடுத்தார். "மாப்புள மாதிரி இருக்கீங்கண்ணே, டீச்சர் பாத்து வச்சுக்குங்க" என்று அக்கா சத்தமாகச் சொல்லி எல்லோரும் சிரித்தார்கள். உங்களுக்கு வந்த படம் அன்று எடுத்தது.

இப்போது அவர் ஆஸ்பத்திரிக்குப் போக மறுக்கிறார். இந்தக் கிருமி நெடுநாள் உடம்பின் காவலைத் தின்றிருக்கிறது, மாத்திரை கிருமியை அடக்கினாலும் சில வகைப் புற்றுநோய் இவர்களுக்கு மற்றவர்களைவிட அதிகமாக வருகிறது, இது அதில் ஒன்று என்று லேடி டாக்டர் பொறுமையாக விளக்கினார். மாத்திரையை விடாமல் புற்றுநோய்க்கான ஊசியும் ஏற்றினால் பலருக்குக் கட்டி கரைகிறது, உறுதி சொல்ல முடியாது, ஆனால் டிசம்பரில் தொடங்கும் திருவருகைக் காலம் வரை தள்ளிப் போடக்கூடாது என்றார். ஒரு தடவை வார்ட்டில் கட்டில் கிடைத்தது. அப்பா சட்டை போட்டுப் பஸ் நிற்கும் இடம் வரை வந்துவிட்டுத் திரும்பி நடந்தார். வீட்டுக்கு வந்து, "எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போய்ப் படுப்பேன்? ஊருக்கெல்லாம் பாண் குடுத்த கை இது. அந்தோனியாரப் பொய்யராக்கச் சொல்றியா? நீ படிச்சவ, நீயே சொல்லு" என்றார். எங்கள் தோட்டத்து லய வீடுகளில் முதலில் பட்டம் வாங்கியவள் என்று இன்றைக்கும் மருந்துப் போத்தலைக் கொண்டுவந்து என்னிடம் வாசிக்கக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். நான் ஆஸ்பத்திரிச் சீட்டைத் திரும்ப மடித்துப் பைக்குள் வைத்தேன்.

உண்மையில் அவர் பயம் அந்தோனியாரைப் பற்றி மட்டும் இல்லை. வார்ட்டில் படுத்தால் நம் ஆட்கள் வேன் பிடித்துக்கொண்டு பார்க்க வருவார்கள், யாராவது ஒருவர் கட்டிலில் தொங்கும் அட்டையை வாசிப்பார், அது ஊருக்கு வந்து, ஊரிலிருந்து இத்தாலிக்குப் போகும். "ஊரு காறித் துப்பட்டும், சுவாமியார் கோயிலுக்கு வராதன்னு சொல்லட்டும், தாங்கிக்குவேன். அவன் காதுக்குப் போனா நான் இல்ல" என்று சொல்லி, உங்களுக்குத் தெரியக்கூடாது என்று என் கையைத் தன் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை உங்களோடு போனில் பேசும்போதுகூடத் துவாயை இழுத்துக் கழுத்தை மூடிக்கொள்கிறார், உங்களுக்குத் தெரிந்துவிடும் என்பதுபோல. அதைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை. சத்தியத்தை மீறித்தான் எழுதுகிறேன். போனில் சொல்லலாமென்றால் போன் அவர் கட்டிலோரம் இருக்கிறது.

கோபப்பட வேண்டுமென்றால் என்மேல் கோபப்படுங்கள். குளிர் தொடங்கிவிட்டதாம், நெஞ்சை மூடிக்கொண்டு வேலைக்குப் போங்கள். உங்கள் அம்மாவின் கல்லறையைச் சுற்றிப் புல் பிடுங்கிவிட்டேன், ஆத்துமாக்கள் திருநாளன்று உங்கள் பெயரில் ஒரு மெழுகுதிரி ஏற்றுகிறேன். இறைவன் உங்களை எங்கிருந்தாலும் காக்கட்டும். தேவமாதா உங்கள் பக்கத்திலேயே இருக்கட்டும்.

இவ்வளவு நேரம் கேட்காமல் வைத்திருந்ததை இப்போது கேட்கிறேன். இது கிடைத்த அடுத்த ஞாயிறு வழக்கம்போல் போன் எடுங்கள். நான் பூசைக்குப் போய் வேண்டுமென்றே தாமதித்து வருவேன், அவர் தனியாக இருப்பார். ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று எடுத்தவுடன் சொல்லாதீர்கள், கேட்கமாட்டார். முதலில் நோயின் பெயரைச் சொல்லி எல்லாம் தெரியும் என்று சொல்லுங்கள். அவர் ஒன்றும் பேசமாட்டார், அந்த நேரம் போனை வைத்துவிடாதீர்கள். அதற்குப் பிறகு அவரை ஒரு தடவை அப்பா என்று கூப்பிடுங்கள். தெரிந்த பிறகும் நீங்கள் அப்படிக் கூப்பிடுவதை அவர் காதால் கேட்க வேண்டும், மகன்.

இப்படிக்கு,
உங்கள் சித்தி
மரிய கொறற்றி