மணி அடிச்சப்போ எழுந்து நின்னவங்க

சேசு மரி சூசை

மேலப்புதூர், திருச்சி
15-4-77

அன்பு மகன் சகாயநாதனுக்கு உன் அம்மா இருதயமேரி ஆசீர்வாதத்தோடு எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே எனக்கு முட்டிவலியைத் தவிர ஒரு குறையும் இல்லை, உன் மகள் லூர்துராணிக்கு அந்த முட்டிவலியும் இல்லை. நீயும் செல்வமேரியும் சின்னதுகளும் டெல்லி வெயிலில் வாடாமல் இருக்கணும்னு ஜெபமாலையில் ஒரு பத்து உங்களுக்குன்னே ஒதுக்கிச் சொல்லிட்டு வர்றேன். ஈஸ்டருக்கு நீ அனுப்பின கடுதாசி பெரிய வியாழன் அன்னிக்கே வந்துடுச்சு. அதுக்குப் பதிலை உடனே எழுதாமல் இத்தனை நாள் வெச்சிருந்ததுக்குக் காரணம் கோபம் இல்லை, எழுத வேண்டியது நடந்து முடியட்டும்னு இருந்தேன். இப்போ நடந்து முடிஞ்சுது. என் மூணாங்கிளாஸ் எழுத்து கோழி கிளறின மாதிரிதான் இருக்கும், ஆபீஸுக்கு ஓடுற அவசரத்தில் படிக்காதே, சாப்பிட்டு உக்காந்து படி.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். எமர்ஜென்சி வந்ததுலேருந்து நீ எனக்கு ஒரு சட்டம் போட்டிருந்தே, நான் சர்க்கார் உத்தியோகத்தில் இருக்கேன், கடுதாசியில் அரசியல் ஒரு வார்த்தை எழுதாதீங்கம்மா, பிரிச்சுப் பாப்பாங்கன்னு. நானும் பெத்த பாவத்துக்கு முருங்கை காய்ச்சதையும் பால்காரி மாடு ஈன்னதையுமே எழுதிட்டிருந்தேன். நீயும் அதே மாதிரி இங்கு வெயில், இங்கு குளிர்னு ரெண்டு வரி எழுதி அடியில் கையெழுத்துப் போட்டே. நாட்டுல நடக்கிறதெல்லாம் நீ இருக்கிற தெருவிலதான் நடக்குது, ஆனா எனக்கு விவரம் தெரியணும்னா பாலக்கரை டீக்கடை வாசலில்தான் நிக்க வேண்டியிருந்தது. இப்போதான் எல்லாம் மாறிடுச்சே. அதனால சேர்த்து வெச்சதை எல்லாம் எழுதப் போறேன், நீ பயப்படாதே.

அந்தம்மா தோத்த சேதி ரேடியோவில் சொன்னப்போ நம்ம தெருவில் பாதி வீட்டில் சந்தோஷம், பாதி வீட்டில் அடுப்பு எரியலை. தெக்கே நாம ஒரு பக்கம் போட்டோம், வடக்கே எல்லாரும் இன்னொரு பக்கம் போட்டிருக்காங்க. உன் சித்தப்பா ஸ்தனிஸ்லாஸுக்கு அழறதா சிரிக்கறதான்னு தெரியலை, ஊருல ஜெயிச்சோம் நாட்டுல தோத்தோம்னு சொல்லிட்டுத் துண்டைத் தோளில் போட்டுக்கிட்டுப் போறார். நான் யாருக்குப் போட்டேன்னு கேட்டார். அது எனக்கும் அந்தோனியாருக்கும் மட்டும் தெரிஞ்சதுன்னு சொல்லிட்டேன். எனக்கு அந்தம்மா மேல முழு வெறுப்பு கிடையாது. சின்ன வயசிலேயே தாலி அறுத்து ரெண்டு பிள்ளைகளை வளர்க்கிற கஷ்டம் எனக்கும் தெரியும். ஆனா மகன் சொன்னதுக்கெல்லாம் தலையாட்டினதால வந்த வினைன்னுதான் ஊரே பேசுது. நான் அதைக் கேட்டு ரொம்ப யோசிச்சேன். நீயும் எனக்கு மகன்தானே. அதனால உன் கடுதாசியில் சொன்னதையும் அப்படியே செய்யறதில்லைன்னு முடிவு பண்ணிட்டேன். புதுசா வந்திருக்கிறவருக்கு எண்பது தாண்டிடுச்சாம். எனக்கு அறுபத்தஞ்சுதான், இன்னும் காலம் இருக்கு.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். நீ என்ன எழுதியிருந்தே, லூர்துராணி ஆம்பளைப் பசங்களோட சேர்ந்து கிதாரை வெச்சுக்கிட்டு இங்கிலீஷ்ல கத்துறாளாம், பரிட்சை முடிஞ்சதும் கிதாரை யார்கிட்டயாவது குடுத்துட்டு அவளை ஜி.டி. ரயில்ல ஏத்தி டெல்லிக்கு அனுப்பணுமாம், டிகிரி அரைகுறையா நின்னாலும் பரவாயில்லையாம், டைப் கத்துக்கிட்டு வீட்டோட இருக்கட்டுமாம். இதை உனக்கு எழுதினது ஸ்தனிஸ்லாஸ்னு நீ சொல்லாட்டியும் எனக்குத் தெரியும், கத்துறாள்னு எழுதறவர் நம்ம குடும்பத்தில் அவர் ஒருத்தர்தான். அவரைப் பத்தி உனக்கு ஞாபகம் இருக்கோ என்னமோ எனக்கு இருக்கு. ஐம்பத்தொண்ணுல உன் தங்கச்சி புதுநன்மை வாங்கின விருந்தில் பந்தியில உக்காந்துக்கிட்டு அண்ணி வெச்ச பாயசம் ஆத்துத் தண்ணி மாதிரி இருக்குன்னு எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொன்னார். மூணு தம்ளர் குடிச்சுட்டுத்தான் சொன்னார். அப்புறம் எமர்ஜென்சியில் ரேஷன் கடை வரிசையில் நான் சீனியை இப்படி அளக்கறாங்களேன்னு ஒரு வார்த்தை சொன்னதுக்கு, அண்ணி வாயை மூடுங்க, உள்ள போட்டுடுவாங்கன்னு ஜனங்க மத்தியில் அதட்டினார். நான் வாயை மூடினேன். அன்னிலேருந்து அவர் வீட்டு வாசப்படி ஏறலை, அவர் பொண்டாட்டி பிரகாசிதான் பாவம் பின்வாசல் வழியா வந்து என்னைப் பாத்துட்டுப் போவா.

நடந்ததைக் கேளு. ஈஸ்டர் ஞாயிறு சாயங்காலம் நம்ம கோயில் மைதானத்தில் வருஷா வருஷம் பிள்ளைகள் நாடகம் பாட்டு நடக்குமில்லே, அதில் லூர்துராணி குழு மூணு பாட்டு பாடணும்னு பங்குச்சாமி அமிர்தசாமிகிட்ட கேட்டிருந்தாங்க. குழுன்னா யாருன்னு கேக்கறியா. நம்ம கோயில் பாட்டில் சேர்ந்து பாடற ரெண்டு பையன்கள், டிரம் அடிக்கிற ஸ்ரீரங்கத்துப் பையன் முகுந்தன், இவ. முகுந்தன் சின்ன வயசிலேயே மிருதங்கம் கத்துக்கிட்டவன், ஐயங்கார் வீட்டுப் பிள்ளை, என் கையால தண்ணி கூட வாங்கிக் குடிப்பான். பாட்டுப் பழகறது எல்லாம் என் வீட்டுக் கூடத்தில், வாசக்கதவைத் திறந்து வெச்சு, நான் முன்னால அரிசியில் கல் பொறுக்கிட்டு உக்காந்திருக்கும்போதுதான். கால்சட்டை எல்லாம் அடியில் அகலமா தெருவைக் கூட்டிட்டு வருது, தலைமுடி காதை மூடுது, ஆனா செருப்பை வெளியே விட்டுட்டு வர்ற பிள்ளைகள். இந்தக் கால ஆட்டத்துக்கு அதுக்கு மேல எனக்கு மரியாதை வேண்டாம்.

பங்குச் சபைக்கு உன் சித்தப்பாதானே செயலாளர். தேர்தல் கீர்தல் ஒண்ணும் கிடையாது, அவரே கூட்டத்தைக் கூட்டி அவரே எல்லாரும் சம்மதிச்சாச்சுன்னு சொல்லி அவரே முடிப்பார். ஈஸ்டருக்கு முந்தின வாரம், குருத்து ஞாயிறு சாயங்காலம் கோயில் மண்டபத்தில் கூட்டம். ஆம்பளைங்க நாற்காலியில், நாங்க மாதா சபைப் பொம்பளைங்க பாயில். அவர் எழுந்து, புரியாத பாஷையில் பேய் மாதிரி கத்துற பாட்டு நம்ம மேடையில் வேண்டாம், ஒரு பொண்ணு ஆம்பளைங்களோட நிக்கறதும் வேண்டாம், எல்லாரும் சம்மதம்தானேன்னு கேட்டார். நான் எழுந்து நின்னேன். புரியாத பாஷைன்னா நாம நாப்பது வருஷம் லத்தீன்ல பாடினோமே, யாருக்குப் புரிஞ்சுது, சாமியாருக்கும் சாமிக்கும் மட்டும் புரிஞ்சுது, அதில் எல்லாரையும் விட உரக்கப் பாடினது நீங்கதானேன்னு கேட்டேன். பின்னால யாரோ சிரிச்சாங்க. டெல்லியிலேயே ஓட்டுப் போட்டு முடிவு பண்ணிட்டாங்க, மேலப்புதூர்ல மட்டும் ஒருத்தர் சொன்னா போதுமான்னும் கேட்டேன். பங்குச்சாமி மூக்குக்கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டே, ஓட்டுதான் போடுங்களேன், பொம்பளைகளும் போடட்டும்னார். சித்தப்பாவுக்கு நம்பிக்கை ஜாஸ்தி, சரி, பாட்டு வேணுங்கறவங்க எழுந்து நில்லுங்கன்னு சொல்லிட்டார். நான் ஏற்கெனவே நின்னுட்டிருந்தேன். வேற ஒருத்தியும் எழுந்திருக்கலை. எல்லாரும் அவங்கவங்க புருஷன் முகத்தைப் பாத்துட்டுத் தரையைப் பாத்துட்டாங்க. எனக்கு முட்டி ஒரு பக்கம் விண்ணு விண்ணுங்குது. அவர் சிரிச்சுக்கிட்டு, அண்ணி ஒருத்தர்தான், உக்காருங்க அண்ணின்னார்.

அப்போதான் ஆறு மணி அடிச்சுது. முந்தி எல்லாம் மணியடிக்கிற செபஸ்தியான் வெத்திலை போட்டு முடிச்சுட்டு ஆறேகாலுக்கோ ஆறரைக்கோதான் அடிப்பான். எமர்ஜென்சியில் ரயிலெல்லாம் நேரத்துக்கு ஓடுது, நம்ம மணி மட்டும் ஏன் ஓடக் கூடாதுன்னு உன் சித்தப்பாதான் அவனை மிரட்டி டாண்ணு ஆறுக்கு அடிக்க வெச்சார். டெல்லிக்குப் போய் உனக்கு மறந்திருக்கும், மணி அடிச்சதும் சொல்ற திரிகால ஜெபம் மத்த நாள்ல முழங்காலில், ஞாயித்துக்கிழமைன்னா நின்னுகிட்டுத்தான் சொல்லணும். மணி அடிச்சதும் மண்டபத்தில் இருந்த அத்தனை ஜனமும் எழுந்து நின்னுச்சு. ஜெபத்தை ஆரம்பிச்சு வைக்கிற உன் சித்தப்பா எல்லாருக்கும் முந்தி நின்னார். கண்ணை மூடிக்கிட்டுத்தான் ஆரம்பிச்சார், பாதியில கண்ணைத் திறந்தார், அப்போதான் அவருக்கே உறைச்சிருக்கணும், குரல் இறங்கிடுச்சு. பங்குச்சாமி சிரிப்பை அடக்கறதுக்குப் புஸ்தகத்தால வாயை மூடிக்கிட்டார். ஜெபம் முடிஞ்சுது. ஆம்பளைங்க உக்காந்தாங்க. என் பக்கத்தில் முக்காட்டை இழுத்து விட்டுக்கிட்டு பிரகாசி உக்காராம நின்னா. அவ நின்னதைப் பாத்து அடுத்தவ நின்னா, அதுக்கடுத்தவ நின்னா, பாயில ஒருத்தி கூட உக்காரலை. ஏய் பிரகாசி உக்காருன்னு உன் சித்தப்பா சொன்னார். அவ முப்பது வருஷத்தில் சபையில் வாயைத் திறந்து நான் கேட்டதில்லை. பாட்டு வேணுங்கறவங்க நில்லுங்கன்னீங்க நிக்கிறேன், வேண்டாம்னு நான் இன்னும் சொல்லலையேன்னா. அதுக்கப்புறம் என்ன, நாற்காலியை விடப் பாய்தானே அதிகம். பங்குச்சாமி மூணு பாட்டுன்னு எழுதிட்டார்.

ஈஸ்டர் அன்னிக்குக் கூட்டம் தாங்கலை. ஸ்ரீரங்கத்திலேருந்து முகுந்தனோட அம்மா வேதவல்லி மாமி ஒண்ணாம் நம்பர் பஸ் பிடிச்சு மடிசாரோட வந்து என் பக்கத்தில் உக்காந்தாங்க. பையன் மிருதங்கத்தை விட்டானேன்னு வருத்தம் இல்லையான்னு கேட்டேன், இருந்ததுதான், எங்காத்துப் பெருமாள் எத்தனை மேளம் கேட்டிருப்பார், இதையும் கேட்டுட்டுப் போகட்டும்னு சொல்லிட்டுச் சிரிச்சாங்க. நல்ல மனுஷி, அடுத்த மாசம் திருவானைக்காவலில் அவங்க அக்கா வீட்டுக்கு வரச் சொல்லியிருக்காங்க. முதல் ரெண்டும் நம்ம மாதா பாட்டு, அதையே கிதாரும் டிரம்மும் வெச்சுப் பாடினாங்க. உண்மையைச் சொல்லணும்னா எனக்குப் பிடிக்கலை. வயக்காட்டு ஆயில் இன்ஜின் மாதிரி நெஞ்சுக்குள்ள வந்து இடிக்குது, பாட்டுக்கு நடுவில் மூச்சு விட இடம் வேண்டாமா. ஆனா பிரசங்கத்தில் தூங்கற ஆளுங்க எல்லாம் முழிச்சுட்டிருந்தாங்க, அதையும் சொல்லணும். மூணாவது லூர்துராணியே எழுதின இங்கிலீஷ் பாட்டு. முன்னால வந்து தனியா நின்னா. டிரம் சத்தத்தில் குரல் அமுங்கிடுச்சு. அப்போ பின்னாலேருந்து ஒருத்தர் மைக்செட்காரனைப் பாத்து, பொண்ணு குரல் கேக்கலை, அதைத் தூக்குடான்னு சத்தம் போட்டார். திரும்பிப் பாத்தா உன் சித்தப்பா. இதுக்காக நான் மன்னிச்சுட்டேன்னு நினைக்காதே. ரேஷன் கடையை வேணும்னா விட்டுடறேன், பாயசம் அப்படியே இருக்கு.

மறுநாள் லூர்துராணியைக் கல் பொறுக்க உக்கார வெச்சு அந்தப் பாட்டுக்கு என்ன அர்த்தம்னு கேட்டேன். ஒரு வீட்டில் ரேடியோ இருக்காம், எந்நேரமும் ஒரே குரல் பேசுதாம், எல்லாம் நல்லா இருக்கு நல்லா இருக்குன்னு. அந்த வீட்டுப் பொண்ணு அதை அணைச்சுட்டு வாசலில் போய் நிக்கறா, தபால்காரர் வர்றார். தூரத்திலேருந்து வர்ற கடுதாசியில் வெயில்னு இருக்கு, அடுத்ததில் குளிர்னு இருக்கு. வெயிலும் குளிரும் எங்களுக்கும் தெரியும், நீ எப்படி இருக்கேன்னு சொல்லுன்னு பாட்டு முடியுதாம். அவ சொல்லிட்டுக் கல்லைப் பொறுக்கிட்டே இருந்தா, தலையைத் தூக்கலை. நீ பயப்பட வேண்டாம், இங்கிலீஷ்ல பாடினதால இங்கே ஒருத்தருக்கும் புரியலை, உன் உத்தியோகத்துக்கு ஒண்ணும் வராது. ஆனா உனக்குப் புரியணும். பன்னிரண்டு வயசில் என்கிட்ட விட்டுட்டுப் போன பொண்ணு, உன்னைத் திட்டறதுக்குக் கூட ஒரு பாஷையைத் தேடிப் பிடிச்சு அதுக்கு மெட்டும் போட வேண்டியிருக்கு.

இன்னொண்ணு. சத்தம் சத்தம்னு எழுதறியே, நாட்டுக்குச் சுதந்திரம் வந்த அன்னிக்கு என் பித்தளைக் குண்டான் மூடியைத் தூக்கிட்டுப் போய்க் கரண்டியால பாலக்கரை வரைக்கும் அடிச்சுட்டே போனது யாரு. உங்க அப்பா அடிக்க வந்தப்போ குறுக்கே நின்னது யாரு. அந்த மூடியில் நீ போட்ட சொட்டை இன்னும் இருக்கு, சோறு வடிக்கும்போதெல்லாம் அந்த இடத்தில் கஞ்சி ஒழுகுது, நானும் உன் பேரைச் சொல்லிட்டுத்தான் துடைக்கிறேன். அவ இன்னும் ஒரு வருஷம் இருந்து டிகிரியை முடிக்கட்டும். கிதார் என் கூடத்து மூலையில் இருக்கட்டும், உன் அப்பா படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கேன், யாரும் எடுத்துக் குடுக்க முடியாது. லீவுக்கு வேணும்னா நானே கூட்டிட்டு வர்றேன், எனக்கும் நீ இருக்கிற தெருவைப் பாக்கணும்.

செல்வமேரியை வெறும் வயித்தில் காப்பி குடிக்க வேண்டாம்னு சொல்லு. சின்னவனுக்கு நான் அனுப்பின சூரணத்தை ஞாயித்துக்கிழமை மறக்காம குடு. தேவமாதா உங்க எல்லாரையும் தன் முந்தானையில் வெச்சுக் காப்பாத்தட்டும், உன் தலையில் என் கை எப்பவும் இருக்கு. இந்த விஷயத்தில் இன்னும் ஓட்டுப் போடாதவன் நீ ஒருத்தன்தான். நிக்கிறியா உக்காந்திருக்கியான்னு எனக்கு எழுத வேண்டாம், லூர்துராணி பேருக்கே ஒரு கார்டு போடு, வெயிலைப் பத்தி எழுதாதே. முட்டிவலியோட நான் இன்னும் நின்னுட்டுத்தான் இருக்கேன்.

இப்படிக்கு
உன் அம்மா
இருதயமேரி