கொண்டாடுகிறார், விருந்தினரை வரவேற்கிறார்

ஏதென்ஸ்
8 ஜனவரி 1942

அன்புள்ள தங்கை பொலிக்ஸேனிக்கு,

நீயும் குழந்தைகளும் நலமா? இந்தக் குளிர்காலத்தில் இப்படிக் கேட்கவே கூச்சமாக இருக்கிறது. அண்ணன் என்ற உரிமையில் கேட்கிறேன். அந்த உரிமை மிச்சமிருக்கிறதா என்று உனக்குத்தான் தெரியும்.

நேற்று டிராம் கண்டக்டர் ஸ்டேலியோஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா போயிட்டாங்களே சார், மனசத் தேத்திக்குங்க" என்றான். டிக்கெட்டுக்குக் கை நீட்டிய இடத்தில் தெரிந்துகொண்டேன், எனக்குத் தாய் இல்லை என்று.

ஊரைப் பிடித்திருக்கும் ஜெர்மானியரின் பத்திரிகையில் எழுதுகிறவன் பெற்றவளின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கவும் கூடாதா? பள்ளிக்கூடம் என்னை வாத்தியார் வேலையிலிருந்து வெளியே தள்ளியபோது உங்களில் யார் என்ன ஆயிற்று என்று கேட்டீர்கள்? என் பேப்பரைக் காறித் துப்புகிறவர்கள் அதையே உடைந்த ஜன்னலில் ஒட்டிக் குளிருக்குத் தப்பிக்கிறார்கள். எல்லாம் நினைவில் வைத்திருக்கிறேன்.

அம்மாவின் நாற்பதாம் நாள் பூசைக்குப் பத்திரிகையில் அறிவிப்புப் போடப்போகிறேன். அவள் பெயரும் மகன் என்று என் பெயரும் இருக்கும். தடுக்காதே.

உன் அண்ணன்,
கிளேயாந்திஸ்

*

பிரேயஸ்
11 ஜனவரி

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் காலைத் தொட்டுக் கேட்கிறேன், அந்த அறிவிப்பைப் போடாதே.

அம்மா செத்ததை உன்னிடம் மட்டுமா மறைத்தேன்? பாதிரியாருக்குக்கூடச் சொல்லவில்லை. நானும் பக்கத்து வீட்டு அஸ்பாசியாவும் தூக்கிக்கொண்டு போய்க் கல்லறைச் சுவரோரம் பெயரில்லாமல் கிடத்திவிட்டு வந்தோம். வண்டி பிடித்துத் தந்தவன் ஸ்டேலியோஸ். இறப்பைப் பதிந்தால் அம்மாவின் ரொட்டி அட்டையைப் பிடுங்கிக்கொள்வார்கள். அந்தத் துண்டில்தான் சின்னவள் லெமோனியா உயிரோடிருக்கிறாள். அவளுக்குப் பட்டினியில் கால் வீங்க ஆரம்பித்துவிட்டது, அண்ணா. அவள் அப்பாவை அல்பேனியப் போர்முனைப் பனி தின்றுவிட்டது. இவளையும் கொடுக்க என்னால் முடியாது.

அட்டை குமாஸ்தா வந்து "கெழவி எங்கம்மா?" என்று கேட்டான். உள்ளே படுத்திருக்கிறாள் என்றேன். அடுத்த வாரம் வந்து நேரில் பார்ப்பானாம்.

உன் பத்திரிகை எனக்குப் பிடிக்காது, அது உண்மை. 'சந்தைகளில் காய்கறி குவிகிறது' என்று நீ எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "எம்புள்ள பாத்த சந்தைக்கு என்னையும் ஒருநாள் கூட்டிட்டுப் போகச் சொல்லுடி" என்று சிரித்தாள். உன்மேல் கோபப்படவில்லை. அவளுக்கு அதற்குத் தெம்பில்லை.

உன் தங்கை,
பொலிக்ஸேனி

*

ஏதென்ஸ்
15 ஜனவரி

பொலிக்ஸேனிக்கு,

அறிவிப்பைப் போடவில்லை. அந்தச் சந்தைச் செய்தியை நான் பார்த்து எழுதவில்லை, மேஜைக்கு வந்ததை மொழிபெயர்த்தேன். அம்மாவிடம் இனி யார் போய்ச் சொல்வது?

ஒன்று செய்ய முடியும். எங்களிடம் பெயர்நாள் பத்தி இருக்கிறது. துக்கத்தில் இருப்பவர்கள் 'இவர் இந்த ஆண்டு பெயர்நாள் கொண்டாடவில்லை' என்று எழுதி அனுப்புகிறார்கள். ஜெர்மன் அதிகாரி அவற்றையெல்லாம் அடித்துவிடுகிறார். நகரம் சிரிக்க வேண்டும் அவருக்கு. 'கொண்டாடுகிறார்' என்றால் படிக்காமலே கையெழுத்துப் போடுவார்.

20-ஆம் தேதி புனித எஃப்தீமியோஸ் திருநாள், அவர் பெயரைத் தாங்கிய அம்மாவின் பெயர்நாள். 'திருமதி எஃப்தீமியா பிரேயஸ் இல்லத்தில் கொண்டாடுகிறார், விருந்தினரை வரவேற்கிறார்' என்று வரும். குமாஸ்தாவிடம் அதைக் காட்டு. என்னைப் பிடித்தால் பிடிக்கட்டும். ஊருக்காக எவ்வளவோ பொய் எழுதிவிட்டேன், பெற்றவளுக்கு ஒன்று எழுதினால் என்ன?

கிளேயாந்திஸ்

*

பிரேயஸ்
21 ஜனவரி

அன்புள்ள அண்ணாவுக்கு,

அவ்வளவு படித்தவனே, விருந்தினரை வரவேற்கிறார் என்று போட்டால் விருந்தினர் வருவார்கள் என்று உனக்குத் தோன்றவே இல்லையா?

நேற்று காலையிலிருந்து கதவைத் தட்டினார்கள். அம்மாவோடு துணி துவைத்தவர்கள், மீன் விற்றவர்கள். அஸ்பாசியா வாசலிலேயே ஒவ்வொருவர் காதிலும் உண்மையைச் சொன்னாள். ஒருவரும் திரும்பிப் போகவில்லை. உள்ளறையில் வெறும் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள்.

குமாஸ்தா வந்தபோது உள்ளே ஒரே சத்தம். "பல்லாண்டு இருக்கணும் எஃப்தீமியாக்கா!" "கெழவிக்கு இன்னைக்கும் வெக்கத்தப் பாரு, போர்வைய எறக்க மாட்டேங்குறா!" அஸ்பாசியா கதவை மறித்து நின்று, "பொம்பளைங்க இருக்கோம், எட்டிப் பாக்குற வேலையெல்லாம் வேணாம்" என்றாள்.

அவன் கையில் உன் பேப்பர் இருந்தது. மூடிய கதவை வெகு நேரம் பார்த்தான். பிறகு தொப்பியைக் கழற்றினான். "ஜெர்மங்காரனே பாத்துக் கையெழுத்துப் போட்டிருக்கான். இல்லன்னு சொல்ல நான் யாரு?" என்று அட்டையில் முத்திரை குத்திவிட்டுப் போய்விட்டான்.

லெமோனியா இன்று ரொட்டி சாப்பிட்டாள்.

உன் பத்திரிகையை இப்போதும் வெறுக்கிறேன். அதை நீ விட வேண்டும் என்றுதான் இப்போதும் சொல்வேன். ஆனால் எல்லோரும் கேட்டார்கள், "மவன் வரலையா?" என்று. நான் இன்னும் வாய்விட்டு அழவில்லை, அண்ணா. பிள்ளைகள் முன்னால் முடியாது. தனியாக இருக்கும்போதும் அழுகை வர மாட்டேன் என்கிறது.

ஞாயிற்றுக்கிழமை வா. துக்கக் கறுப்பு மட்டும் உடுத்திக்கொண்டு வராதே.

உன்
பொலிக்ஸேனி