மாஜிஸ்திரேட் வேஷம் போட்ட அப்பா

பிளெய்ன்ஸ்பரோ,
ஞாயிற்றுக்கிழமை

கண்ணு ரக்ஷாவுக்கு,

அம்மாவின் அநேக ஆசீர்வாதம். நாங்கள் இருவரும் சௌக்கியம். நீயும் மாப்பிள்ளை கஜீவனும் அப்படியே இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். அப்பா பேச்சை எடுத்தாலே நீ போனைக் கட் பண்ணிவிடுகிறாய். காகிதத்தைக் கட் பண்ண முடியாதல்லவா, அதனால்தான் இது. தமிழ்ப் பள்ளியில் படித்ததெல்லாம் மறந்துபோயிருந்தால் கஜீவனைப் படித்துக் காட்டச் சொல். அவர் படிப்பதில் எனக்குக் கூச்சமில்லை.

இங்கே லைப்ரரியில் ஒரு நாடகம் போட்டோம். ஆயிரத்து எழுநூறுகளில் பக்கத்து ஊரில் நடந்த கலவரம். கும்பல் ஒரு ஏழைக் குடும்பத்தின் வீட்டை இடித்தபோது மாஜிஸ்திரேட் தன் மாடி ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாராம். பிறகு விசாரணையில் எதிர்வீட்டு ரொட்டிக்காரி சாட்சி சொன்னாளாம். ரொட்டிக்காரி நான். சீட்டுக் குலுக்கியதில் மாஜிஸ்திரேட் உன் அப்பா. ரிடையர் ஆனதிலிருந்து ரிமோட்டும் கையுமாக இருக்கிறாரே என்று நான்தான் பேர் கொடுத்தேன். வெள்ளை டோப்பாவை வைத்ததும் மனிதர் கண்ணாடியை விட்டு நகரவில்லை.

எனக்குத்தான் கஷ்டம். கல்யாணமானதிலிருந்து அவரைப் பேர் சொல்லிக்கூடக் கூப்பிடாதவள், நாலு பேர் முன்னால் விரலை நீட்டிக் குற்றம் சொல்ல வேண்டும். ஒத்திகையில் ஒவ்வொரு வரிக்கும் ஒரு 'சார்' போட்டேன். இவ்வளவு மரியாதையாகச் சாட்சி சொன்னால் யார் நம்புவார்கள் என்று நாடகம் நடத்துகிற பார்பரா சிரித்தாள்.

நேற்று மேடையிலும் விரல் எழும்பவில்லை. அவர் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னேன். அந்த வீட்டுப் பெண்ணின் அழுகை தெருவெல்லாம் கேட்டது, இவர் ஜன்னலில் நின்றார், இறங்கி வரவில்லை என்று. சொல்லும்போதே நீ கஜீவனை முதன்முதலாக அழைத்து வந்த கொலு நாள் ஞாபகம் வந்துவிட்டது. சர்ச்சுக்குப் போகிற பையனோடு இந்த வீட்டுப் படி ஏறாதே என்று ராமசுப்ரமணியன் பெரியப்பா உன்னைப் பார்த்துக் கத்தியபோது, அப்பா சமையலறை வாசலில் நின்றது நின்றபடியே இருந்தாரே, அது.

கூச்சலில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்பதுதான் அவர் அடுத்துச் சொல்ல வேண்டிய வரி. அதைச் சொல்லவில்லை. டோப்பாவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, எல்லாம் கேட்டது, என் மனிதர்களுக்குப் பயந்து நின்றுவிட்டேன் என்றார். பார்பரா ஸ்கிரிப்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். என்ன நடிப்பு என்று எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

இன்று காலை காபிகூடக் குடிக்காமல் பெரியப்பாவுக்குப் போன் செய்தார். அண்ணா, இது என் பெண்ணின் வீடு, அவளிடமும் மாப்பிள்ளையிடமும் மன்னிப்புக் கேட்கிறவரை நீங்கள் இங்கே வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அண்ணாவை எதிர்த்து அவர் பேசி நான் கேட்டதே இல்லை.

வெள்ளிக்கிழமை அப்பா சன்னிவேலுக்கு, உங்கள் வீட்டுக்கு வருகிறார், தனியாக. நான் வந்தால் எல்லாவற்றையும் நானே பேசிவிடுவேனாம். நேராக விஷயத்துக்கு வர அவருக்குத் தெரியாது. காருக்கு ஆயில் மாற்றினாயா, வாடகை ஏறிவிட்டதா என்றுதான் ஆரம்பிப்பார். எரிச்சல்படாதே. கஜீவனையும் வீட்டில் இருக்கச் சொல். அவரிடமும் அப்பா சொல்ல வேண்டியது இருக்கிறது.

மன்னித்துவிடு என்று நான் கேட்கவில்லை, அது உன் இஷ்டம். நீங்கள் இருவரும் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டும், எனக்கு அது போதும். ஆனால் மணி அடித்தால் கதவைத் திற, கண்ணு. அவர் சொல்லி முடிக்கும்வரை கேள். அதற்குப் பிறகு மனசு வந்தால், அப்பாவை உட்காரச் சொல்.

உன் அம்மா,
மீனாக்ஷி