நம்மாளுங்க என்று நான் சொன்ன பொய்

பீரோவைத் துடைக்கும்போது உன் ஜெராக்ஸ் கட்டு கிடைத்தது. எம்.ஏ. தத்துவம், பொருள்கோளியல் தாள். ஈரவாடை அடித்தது. அழுகை வரவில்லை. நீ இறந்த இந்த எட்டு மாதத்தில் ஒருமுறையும் அது வரவில்லை.

ஒரு பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறாய்: "நாம் வளர்ந்த பண்பாடு கொடுத்த ஊகத்தோடுதான் யாரையும் வாசிக்கிறோம். அது தப்பில்லை. எதிரில் இருப்பவர் அதைத் திருத்த இடம் விடாததுதான் தப்பு. அந்த இடத்துக்குப் பெயர் அங்கீகாரம்."

நான் அதைத் தேர்வுக்காக மட்டுமே படித்தேன்.

கோவை விடுதியிலிருந்து கோபியில் உள்ள எங்கள் வீட்டுக்கு நீ வந்த அன்று அம்மா சிரித்தபடியே கேட்டாள். "உங்க கொலசாமி கோயில் எங்க கண்ணு இருக்குது?" எங்கள் பக்கத்தில் சாதியைக் கேட்கும் மரியாதையான வழி அது. வெள்ளகோவில் பக்கம் யார் யார் தோட்டத்திலோ கூலிக்குப் போகும் வீட்டுப் பெண் நீ. நீ வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"நம்மாளுங்கதாம்மா."

அம்மா உன்னைச் சமையலறைக்கே கூட்டிப்போய்ப் பக்கத்தில் உட்காரவைத்துச் சோறு போட்டாள். நீ குனிந்து சாப்பிட்டாய்.

கோவைக்குத் திரும்பும் பேருந்தில்தான் பேசினாய். "எனக்குத் தோட்டம் எத்தன ஏக்கர்னு சொல்லிப்போடு புள்ள. அடுத்த தடவ கேட்டா முழிக்கக் கூடாதில்ல."

"உன்னக் காப்பாத்தத்தான் சொன்னேன்."

"உங்கம்மா அத்தன அன்பாப் பேசுனாங்க. யாருகிட்டப் பேசுனாங்கன்னுதான் தெரியல. நெசத்தச் சொல்லியிருந்தா வெளிய நிறுத்தியிருப்பாங்களோ, மாறியிருப்பாங்களோ. ரெண்டுக்கும் வழியில்லாமப் பண்ணிப்போட்ட."

எனக்குக் கோபம் வந்தது. நான் காப்பாற்றியது என்னைத்தான் என்று அன்று ஒப்புக்கொள்ளவில்லை.

அதன் பிறகு நீ எங்கள் வீட்டுக்கு வரவில்லை. மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டாய். அம்மா அழுதாள். "நம்மாளுங்க புள்ள, ஒரெட்டுப் போயித் துக்கங் கேட்டுட்டு வரலாம்" என்றாள். வீட்டில் யாரும் இல்லை, வெளியூர் போய்விட்டார்கள் என்று இரண்டாவது பொய்யையும் சொல்லி நிறுத்தினேன். அம்மாவுக்குத் தெரியாமல் நான் மட்டும் போய் வந்தேன். பெண்களுக்கு நடுவில் உன் அம்மா உட்கார்ந்திருந்தாள். நான் வாசலோடு திரும்பினேன்.

இன்று அந்தக் கட்டோடு போய் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"அன்னிக்கே சொல்றதுக்கென்ன?"

"சொல்லியிருந்தா உள்ள கூப்புட்டிருப்பியா?"

உருவிய காம்பைத் தள்ளி வைத்துவிட்டு, "தெரியலயே" என்றாள். உன்னைப் பற்றி அவள் சொன்ன முதல் உண்மை அது. அவளைத் திட்டலாம் என்றுதான் போயிருந்தேன். முடியவில்லை.

பிறகு கேட்டாள். "அந்தப் புள்ளையோட அம்மா பேரென்ன? போனா என்னன்னு கூப்புடறது?"

இரண்டு வருடம் ஒரே விடுதி அறையில் இருந்தோம். எங்கள் வீட்டு ஆட்கள் ஒவ்வொருவரையும் பேர் சொல்லி விசாரிப்பாய். நான் உன்னிடம் ஒரு நாளும் உன் அம்மா பேரைக் கேட்டதில்லை.

அம்மா பதிலுக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.